தங்கிப்போன டர்போ ஸ்னோமொபைல்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் கடைசியில் பனி இளகத் தொடங்கியதும், வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கத்து டீலர்களிடம் விற்காமல் தங்கிப்போன டர்போ ஸ்னோமொபைல்களின் (பனியில் ஓட்டும் வண்டிகள்) விலை இறங்கும். மாடல் ஒரு வருடம் பழசு, ஆனால் யாரும் ஓட்டாத புது வண்டி. நல்ல பேரம்தான். அதில் மிச்சம் பிடித்த காசை வைத்தே பலர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வாங்கிய கையோடு இஞ்சின் டியூனையும் சைலன்சரையும் மாற்றி இன்னும் பவர் ஏற்றுவதுதான் முதல் தவறு. உயரம் 300 மீட்டர் கூடும்போது சாதாரண இஞ்சின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 165 குதிரைத்திறன் உள்ள வண்டி 2,400 மீட்டரில் ஏறக்குறைய 125-க்கு வந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான், மேலே மெலிந்துபோகும் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போ. 2020-இல் ஸ்கீ-டூ நிறுவனம் கொண்டுவந்த சம்மிட் 850 டர்போ, தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த முதல் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல். அந்த 165-ஐ 2,400 மீட்டர் வரை விடாமல் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேலும் காற்றை அழுத்தினால் பிஸ்டன்தான் அடி வாங்கும். வாரண்டியும் கைவிட்டுப் போகும். 91 ஆக்டேன் பெட்ரோல் கேட்கும் வண்டிக்கு மட்டமான பெட்ரோல் ஊற்றுவதும் இதே கணக்குதான்.

நீங்கள் ஓட்டும் உயரத்தையும் யோசியுங்கள். கொலராடோவின் ரேபிட் இயர்ஸ் கணவாய் 2,870 மீட்டரில் இருக்கிறது. அங்கே டர்போ கொடுத்த காசுக்கு உழைக்கும். தாழ்வான இடங்களிலேயே பெரும்பாலும் ஓட்டுபவருக்கு எடை குறைந்த, டர்போ இல்லாத வண்டியே போதும் என்பேன்.

அப்புறம், சூடு. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மலை வண்டியின் கூலன்ட், டிராக்குக்கு (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) மேலே கூரைபோல இருக்கும் டனல் வழியாக ஓடும். டிராக் வாரியடிக்கும் பனி பட்டுத்தான் அது குளிர்கிறது. ஆழமான பனியில் பிரச்சினையே இல்லை. ஆனால் வண்டியை இறக்கும் இடத்திலிருந்து மலை வரை இறுகிய பாதையில் போகும்போது வாரியடிக்கப் பனி ஏது? வெப்பம் ஏறும்; டிராக் உராயும் பிளாஸ்டிக் பட்டைகளும் பனியின் வழவழப்பு இல்லாமல் தேயும். பாதையைக் கீறிப் பனித்தூளைக் கிளப்பும் ஸ்கிராட்ச்சர் என்ற கம்பிகள் வண்டியில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். செலவு சொற்பம். அடுத்து, இஞ்சின் சக்தியை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட் ஒன்று உபரியாக. புது பெல்ட்டை முதல் சில பத்து கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டிப் பழக்குங்கள்.

"புதுசுதானே, என்ன ஆகப்போகிறது" என்று சோதிக்காமல் எடுத்து வருவதும் தவறு. ஒரு வருடம் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் இருக்கலாம், பேட்டரி செத்திருக்கலாம். எலி கூடு கட்டியிருந்தால் இன்னும் மோசம்: இஞ்சினுக்குக் காற்று போகும் ஏர்பாக்ஸில் கிடக்கும் குப்பையை, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போ சக்கரம் இழுத்துக்கொள்ளும். ஏர்பாக்ஸையும் வயர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாரண்டி பொதுவாக முதல் விற்பனை பதிவான நாளில் தொடங்கும். டீலர் அதை டெமோ வண்டியாக ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் நாள் அப்போதே ஓடத் தொடங்கியிருக்கும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, தொடக்கத் தேதியையும் நிலுவையில் உள்ள ரீகால்களையும் (குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைப்பது) எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். யமஹா ஸ்னோமொபைலிலிருந்து விலகுவதாக 2023-இல் அறிவித்தது. வட அமெரிக்காவில் 2025 மாடலோடு சரி. அதன் சைடுவைண்டர் வண்டியில் 998 சிசி மூன்று சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் டர்போ இஞ்சின் யமஹாவுடையது, சேஸிஸ் ஆர்க்டிக் கேட் என்ற இன்னொரு நிறுவனத்துடையது. ஆர்க்டிக் கேட்டும் 2025-இல் கைமாறியது. அதற்காக அந்த வண்டியை ஒதுக்க வேண்டாம், உழைக்கும் இஞ்சின்தான். ஆழப் பனியில் அதன் எடை உங்களைப் படுத்தும், அவ்வளவே. ஆனால் சஸ்பென்ஷன் கை ஒன்று வளைந்தால் உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்று டீலரின் பாகங்கள் கவுண்டரில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு காசு மிஞ்சினால் பனிச்சரிவு ஏர்பேக், பனியில் புதைந்தவரைச் சிக்னல் வழியாகத் தேட உதவும் டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவும் கோல் என்று வாங்குங்கள். டர்போ உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் செங்குத்துச் சரிவுகளில்தான் பனி சரிந்து வருகிறது.