மாலா வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு

ஊரில் பரண் என்றால் அண்டாவும் பழைய தொட்டிலும் கிடக்கிற இடம். மும்பையில் அதற்கு மாலா என்று பேர். அதில் ஆள் தூங்குவான். தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கம் நம் ஆட்களிடம் சொல்லிவைத்து அறை தேடினால் முதலில் காட்டுவது பெரும்பாலும் மாலா வைத்த கோலியாகத்தான், அதாவது ஒற்றை அறையாகத்தான் இருக்கும். பத்துக்குப் பத்து அறை, சுவரோரம் இரும்பு ஏணி, மேலே பலகைத் தளம், தலைக்கு மேல் பத்ரா, அதாவது தகரக் கூரை. நாலு பேர் சேர்ந்தால் வாடகை கட்டுப்படியாகும். நானும் அப்படி வந்தவன்தான், அதனால் மாலாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. டெபாசிட் கொடுப்பதற்கு முன்னால் ஏணியில் ஏறிப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். பலபேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டே தலையாட்டிவிடுகிறார்கள்.

ஏறினதும் படுத்துப் பாருங்கள். படுத்தபடியே கேளுங்கள்: கீழே தீப்பிடித்தால் நான் எந்த வழியாக வெளியே போவேன்?

எங்கள் முதல் கோலி தாராவி 90 அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில். ஏணியின் காலும் அடுப்பும் ஒரே மூலை. ஒரு ராத்திரி கீழே துணிமூட்டைக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் போர்டு உருகிவிட்டது. தீ என்று பார்த்தால் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனால் புகை நேராக மேலே வந்தது. மாலாவில் இருமிக்கொண்டு எழுந்த எங்கள் மூன்று பேருக்கும் பக்கத்தில் படுத்திருந்தவன் முகம் தெரியவில்லை. ஏணி இறங்குகிற பொந்தைக் காலால் துழாவித்தான் கண்டுபிடித்தோம். கீழே தரையில் படுத்திருந்த அண்ணாச்சியோ, ‘என்னலே சத்தம்?’ என்று அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஒரே அறை, ஒரே புகை.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. 2017 டிசம்பர் 18 அதிகாலையில் சாக்கிநாகா கைரானி ரோட்டில் ஒரு ஃபர்சான் (நொறுக்குத்தீனி) கடையில் பிடித்த தீயில், உள்ளேயே தங்கி வேலைபார்த்த 12 பேர் செத்துப்போனார்கள்.

ஆக, ஏணியை நம்பிமட்டும் மாலாவில் படுக்கக் கூடாது. இரண்டாவது வழி வேண்டும். சுவரில் ஜன்னல் இருக்கும், அதில் திருட்டுப் பயத்துக்கு கிரில் அடித்திருப்பார்கள். அந்த கிரிலில் ஒரு பகுதியைக் கீல்போட்டுத் திறக்கிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். வெல்டிங்காரருக்கு அரைநாள் வேலை. எவ்வளவு பெரிசு வெட்டுவது? லண்டனில் இருக்கிற என் மச்சினன் வீட்டு மச்சைப் படுக்கையறையாக மாற்றினபோது, அங்குள்ள விதிகளைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவான். மேலேயிருந்து வாசல்வரை படிக்கட்டை 30 நிமிடம் தீ தாங்குகிற மாதிரி அடைக்க வேண்டுமாம், ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் வேண்டுமாம். தப்பிக்கிற ஜன்னலுக்கு அந்த நாட்டில் சொல்லும் அளவு, அகலம் உயரம் எதுவும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல், மொத்தத் திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர். அந்தச் சட்டம் தாராவிக்கு வராது. ஆனால் மனுஷ உடம்பு எங்கேயும் ஒன்றுதானே, அளவை எடுத்துக்கொள்ளலாம். பூட்டுப் போடுவதானால் சாவி அந்த ஜன்னல் பக்கத்திலேயே ஆணியில் தொங்கட்டும். யாருடைய பேன்ட் பாக்கெட்டிலும் வேண்டாம். ஜூன் பிறந்ததும் மழைக்குக் கூரைமேல் நீலத் தாட்பத்ரி (தார்ப்பாய்) போர்த்துவார்கள். அது ஜன்னலையும் மூடிக் கயிறு கட்டியிருக்கிறதா என்று ஒருதரம் வெளியே போய்ப் பார்த்துவிடுங்கள். நாங்கள் கிரில் வெட்டின முதல் வருஷமே அந்தத் தப்பைப் பண்ணினோம்.

அடுப்பு ஏணிக்குக் கீழே இருக்கக் கூடாது. வாசல் பக்கம் இடம் இல்லை என்றால் ஏணியை நகர்த்துங்கள். சிலிண்டரா, குழாய் காஸா என்பதும் மாலாவாசிக்கு முக்கியம். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். மஹாநகர் காஸ் குழாயில் வருவது காற்றைவிட லேசு, நேராக உங்கள் தலைமாட்டுக்கு வந்து சேரும். எதுவானாலும் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து, வால்வை அடைத்துவிட்டு வெளியே போங்கள். சிலிண்டர் கசிவுக்கு போன் 1906.

வயரிங்கைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். மாலாவுக்குத் தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழுகிற சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற சுவிட்ச்) ஒன்று, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள வயர். ஒரே போர்டில் ஃபேன், இஸ்திரிப்பெட்டி, நாலு போன் என்று கோர்க்காதீர்கள். சாமான் வாங்க மின்சாமான் கடைகள் இருக்கிற லோஹார் சால் பக்கம் போனால் பேட்டரி புகை அலாரமும் கேட்டுப் பாருங்கள். அதை மாலா கூரையில் ஒட்டுங்கள், கீழே ஒட்டிப் புண்ணியமில்லை. வெயிலுக்கு பத்ராவுக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடச் சொல்லுங்கள். அது எரியும்போது வருகிற கறுப்புப் புகைக்கு வெயிலே தேவலை. நைலான் கொசுவலைக்குப் பக்கத்தில் கொசுவத்தி ஏற்றுகிற புத்திசாலிகளும் நம்மில் உண்டு.

நீங்களே காசு போட்டு மாலா கட்டுவதாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். மும்பையின் 2034 வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் லாஃப்ட் என்பது சாமான் வைக்கிற இடம், உயரம் 1.5 மீட்டருக்கு உள்ளே. ஆள் நிமிர்ந்து நிற்கிற மாலா அந்தக் கணக்கில் வராது. கட்டிடத்தில் என்றால் சொசைட்டியையும் (வீட்டுக்காரர்கள் சங்கம்) மாநகராட்சியையும் கேட்காமல் கைவைக்காதீர்கள். பலகைக்குப் பதில் இரும்பு ஆங்கிளில் சிமெண்ட் போர்டு போட்டால் செலவு கூடும், ஆனால் தளம் சீக்கிரம் பற்றாது.

செம்பூர், முலுண்ட் பக்கம் உயரமான கட்டிடத்தில் ஃபிளாட் எடுக்கிறவர்களுக்கு மாலா கவலை இல்லை. மகாராஷ்டிரத்தின் 2006 தீத்தடுப்புச் சட்டப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் வாங்க வேண்டிய பராமரிப்புச் சான்று, ஃபார்ம் பி, இருக்கிறதா என்று சொசைட்டி ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

தீயணைப்பான் வாங்கினால் ஏபிசி பவுடர் வகை, அதன் மீட்டர் முள் பச்சையில் நிற்க வேண்டும். மாலாவில் படுக்கிறவர்கள் அதை ஏணியின் மேல்முனையில் மாட்டுங்கள். சின்ன சிலிண்டர் பத்து நொடி போலத்தான் பீய்ச்சும். அதற்குள் அடங்கவில்லை என்றால் போட்டுவிட்டு, தீ இல்லாத வழியாக வெளியே போய்விடுங்கள்.

தீயணைப்புப் படைக்குப் போன் 101. இந்தி வராது என்று தயங்காதீர்கள், ஒரு வரி போதும்: ‘ஆக் லகி ஹை, ஊப்பர் லோக் ஃபஸே ஹை.’ (தீப்பிடித்திருக்கிறது, மேலே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.) பிறகு இடம். நம் சந்துகளுக்கு வீட்டு நம்பர் சொன்னால் யாருக்கும் புரியாது. பக்கத்துக் கோயில், மசூதி, ரேஷன் கடை, எந்த ரோட்டிலிருந்து திரும்ப வேண்டும் என்று சொல்லுங்கள். குடிபோன அன்றைக்கே அதை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதி ஏணிப் பக்கம் ஒட்டிவிடுங்கள். வண்டி சந்துக்குள் வராது. ஒருத்தர் மெயின் ரோட்டுக்கு ஓடி நின்று கைகாட்ட வேண்டும், அது யார் என்பதையும் அறையில் இருக்கிற நாலு பேரும் அன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.