விளக்கை இடுப்புக்கு இறக்கினோம்

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காபித் தோட்டத்து மண்பாதையில், அவர் வீட்டாரின் அனுமதியோடு இரவில் ஓடுவோம். சில்வர் ஓக் வேர்களும் உருளும் கற்களும் நிறைந்த பாதை. எல்லோர் நெற்றியிலும் நல்ல ஹெட்லேம்ப் இருந்தும் யாராவது தடுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

வெளிச்சம் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கல் வெளிச்சம் வரும் இடத்தில் இருக்கிறது. நெற்றி விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. மேடும் பள்ளமும் தட்டையாகத் தெரிகின்றன. அதே விளக்கை இடுப்புப் பட்டையில் மாட்டினோம். ஒளி தாழ்ந்து சாய்ந்து விழ, ஒவ்வொரு வேருக்கும் நீளமாக ஒரு கருநிழல்! காலை எங்கே வைப்பது என்று சட்டென்று புரிந்தது. மூடுபனியிலும் இதுவே கைகொடுத்தது. நெற்றியில் இருந்தால், பனித்துளிகள் ஒளியைக் கண்ணுக்கே திருப்பியடித்து எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும்.

கூட்டமாக ஓடும்போது இன்னொரு தொல்லை: பின்னால் வருபவரின் விளக்கு, முன்னால் ஓடுபவரின் நிழலை அவர் கால் வைக்கும் இடத்திலேயே போடும். அதனால் இடைவெளியைக் கூட்டி, பின்னால் வருபவர்கள் ஒளியைக் குறைத்துக்கொண்டோம். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருவர் முகத்தில் வெளிச்சம் அடித்தால் அத்தனையும் வீண். அதனால் நின்று பேசும்போது, கண்ணின் பழக்கத்தை அதிகம் கெடுக்காத சிவப்பு ஒளி மட்டும்தான்.

முதலில் ஓடுபவருக்கு மட்டும் இரண்டு விளக்கு. தாழ்ந்த கிளைகளையும் தூரத்து வளைவையும் பார்க்க நெற்றி விளக்கு வேண்டும்.