கோதிக் கோட்டை விளையாட்டை வடிவமைத்தல்: பூட்டிய கதவிலிருந்து கதையைத் தொடங்குங்கள்

கோதிக் கோட்டை ஒன்றைச் சுற்றித் திரிந்து ஆராயும் வீடியோ கேமை உருவாக்க விரும்புவோர் பலர், முதலில் கதையை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ற அறைகளைப் பிறகு வரைகிறார்கள். இந்த வரிசை பொருந்தாது. எந்தக் கதவு எப்போது திறக்கிறது என்று முடிவுசெய்யும்போதே எந்த உண்மை எப்போது வெளிப்படுகிறது என்பதும் முடிவாகிவிடுவதால், கதையையும் கோட்டையையும் ஒன்றாகவே வளர்த்தெடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள, கொனாமி நிறுவனம் 1997இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ‘கேசில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் த நைட்’ விளையாட்டைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1986இல் தொடங்கிய அந்தத் தொடரின் முந்தைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரு கட்டத்தை முடித்தால் அடுத்த கட்டம் என்று நேர்கோட்டில் நகர்ந்தவை. இதுவோ ட்ராகுலாவின் கோட்டை முழுவதையும் முன்னும் பின்னும் போய்வரக்கூடிய ஒரே வரைபடமாக ஆக்கியது.

முதல் வேலை, கோட்டையின் வெளித்தோற்றத்தை ஒரே தாளில் வரைவது. கோதிக் கட்டடக்கலை கூர்நுனி வளைவுகளாலும் ஒடுங்கிய கோபுரங்களாலும் கண்ணை மேல்நோக்கி இழுப்பது. ஆகவே மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன புதைந்திருக்கிறது என்பதற்கு இங்கே பொருள் உண்டு. கொனாமியின் கோட்டையில் அரியணை இருக்கும் உச்சி மாளிகை எல்லாவற்றிற்கும் மேலே நிற்க, சுரங்கமும் பிணக்குழிகளும் அடியாழத்தில் கிடக்கின்றன. நடுவே நூலகம், தேவாலயம், பளிங்கு மண்டபம், மணிக்கூண்டு என ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிறமும் தனி இசையும் இருப்பதால், வரைபடத்தைத் திறக்காமலேயே தாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஆடுபவர் உணர்ந்துவிடுகிறார். இரண்டு பகுதிகளுக்கு இடையே சிறிய, வெறுமையான நடைபாதை ஒன்றை வையுங்கள். அந்த விளையாட்டில் அது குறுந்தகட்டிலிருந்து அடுத்த பகுதியை ஏற்றுவதற்கான இடைவெளி; ஆனால் ஓர் இசை அடங்கி மற்றொன்று எழும் வாசலாகவும் அது பயன்பட்டதால், இன்றைய வேகமான கருவிகளிலும் அதைக் கைவிட வேண்டியதில்லை.

அடுத்தது பூட்டுகள், அதிக நேரம் செலவிட வேண்டியதும் இங்கேதான். சாவியைக் கொடுப்பதற்கு வெகுமுன்னரே பூட்டைக் காட்டிவிடுங்கள். எட்டாத உயரத்தில் ஒரு விளிம்பு, கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பாதை, மாயத்தால் மூடிய நீலக் கதவு ஆகியவற்றைக் கடக்க முடியாமல் திரும்பிச் செல்பவர் அவற்றை மனத்தில் சுமந்தபடியே செல்கிறார். அந்த நினைவுதான் கோட்டையை அவருக்குச் சொந்த இடமாக்குகிறது. சாவியையும் வெறும் சாவியாக விடாதீர்கள். நாயகன் அலுகார்ட், ட்ராகுலாவுக்கும் மானுடப் பெண் லிசாவுக்கும் பிறந்த மகன். கம்பிகளுக்கிடையே மூடுபனியாக நுழைவது, வௌவாலாகப் பறப்பது, ஓநாயாக ஓடுவது என்று அவனுக்குக் கிடைக்கும் உருமாறும் ஆற்றல்கள் தந்தையின் குலத்துக்கு உரியவை. தந்தையைத் தடுக்க வந்த மகன் பல தடைகளைத் தந்தையின் இயல்பைக் கொண்டே தாண்டுகிறான் என்பதை எந்த உரையாடலும் சொல்வதில்லை. கைவிரல்கள் பொத்தானை அழுத்தும்போது அது தானாகப் புலப்படுகிறது. உங்கள் விளையாட்டில் கிடைக்கும் ஆற்றல்களுக்கும் நாயகனின் பிறப்புக்கோ குற்றவுணர்வுக்கோ இழப்புக்கோ இத்தகைய தொடர்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

தொடக்கத்தில் நாயகனிடம் எதுவுமே இல்லாதிருப்பதைவிட, இருந்ததை இழப்பது வலுவானது. அலுகார்ட் மிகச் சிறந்த வாளும் கவசமும் அணிந்து எதிரிகளை ஒரே வீச்சில் சாய்த்தபடி உள்ளே நுழைகிறான். சற்று நேரத்திலேயே மரணதேவன் எதிர்ப்பட்டு அவை எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறான். தான் எவ்வளவு வலிமையுடன் இருந்தோம் என்பதை ஆடுபவர் ஒருமுறை அனுபவித்துவிட்டதால், அதன் பிறகு கிடைக்கும் சாதாரணக் கத்தியும் மதிப்புப் பெறுகிறது.

கோதிக் கதையில் கடந்த காலம் நிகழ்காலத்தை விடுவதில்லை. அதை நீண்ட விளக்கவுரைகளில் கொட்டாமல் இடங்களுக்குள் வையுங்கள். தேவாலயத்தின் பாவமன்னிப்புக் கூண்டில் அலுகார்ட் அமர்ந்தால் ஓர் ஆவி தோன்றுகிறது. சிலசமயம் அமைதியாக மறைகிறது, சிலசமயம் தாக்குகிறது. ஆட்டத்தின் வெற்றிக்கு அந்த அறை தேவையே இல்லை, ஆயினும் கோட்டையின் இயல்பை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. தாயின் மரணத்தை அலுகார்ட் மீண்டும் காண்பதும் ஒரு கொடுங்கனவுக்குள்தான். தாயின் உருவில் வந்து மனிதரை வெறுக்கச் சொல்பவள் உண்மையான தாய் அல்ல என்று அவன் உணர்வதே அந்தக் காட்சியின் மையம், அதைத் தொடர்ந்து வரும் சண்டை அந்த உணர்வின் நீட்சி.

அந்தச் சண்டையில் வென்றால் கிடைப்பது ஒரு பொன் மோதிரம். வெள்ளி மோதிரமோ கூர்முட்கள் நிறைந்த வழியைத் தாண்டித் தேவாலயப் பகுதியில் இருக்கிறது. இரண்டிலும் பாதி பாதியாகப் பொறிக்கப்பட்ட சொற்களைச் சேர்த்துப் படித்து, கடிகார அறையில் இரண்டையும் அணிந்து நின்றால்தான் கீழே வழி திறந்து, கோட்டையில் அலுகார்ட் சந்திக்கும் மரியா என்ற பெண் தரும் புனித மூக்குக்கண்ணாடி கிடைக்கும். அதை அணிந்து செல்பவருக்கே, முன்பு ட்ராகுலாவை வென்ற வீரன் ரிக்டரை வேறொருவன் ஆட்டுவிப்பது கண்ணுக்குத் தெரியும்; அணியாதவர் ரிக்டரைக் கொன்று, ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். இதில் பூட்டாக நிற்பது அறியாமை, சாவியாக அமைவது கவனம். இத்தகைய பூட்டு விளையாட்டு முழுவதற்கும் ஒன்று போதும். அதற்கான குறிப்புகளை நேர்மையாக, ஆனால் ஓரிடத்தில் குவிக்காமல் வைக்க வேண்டும்.

உண்மையைக் கண்டவருக்கு அந்த விளையாட்டு தலைகீழான இரண்டாவது கோட்டையைத் திறந்துவிடுகிறது. கோட்டையில் எவ்வளவு இடத்தைக் கண்டோம் என்று காட்டும் வரைபட நிறைவு 200.6 விழுக்காடு வரை செல்வது இதனால்தான். கூரை தரையாவதற்கு ஏற்ப ஒவ்வொரு அறையையும் முன்கூட்டியே அளந்து அமைத்த உழைப்பு வியக்கத்தக்கது. எனினும் அந்தப் பாதியில் கதைக்காட்சிகள் மிகக் குறைவு, பல பகுதிகளில் ஒரே இசை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. முதற்பாதியின் ஒவ்வொரு பகுதிக்கும் இருந்த தனிமுகம் அங்கே மங்கிவிடுகிறது என்பதே என் கருத்து. பழைய இடத்தை மீண்டும் பயன்படுத்துவதானால், எதிரிகளை மட்டுமன்றி அந்த இடத்தைப் பற்றி ஆடுபவர் நம்பிக்கொண்டிருந்த ஏதேனும் ஒன்றையும் மாற்றுங்கள்.

அதுவரை ஆடியதைப் பதிவுசெய்யும் சேமிப்பு அறைகளை வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டுங்கள். கடினமான பகுதிக்கு அருகிலேயே அவற்றை அமையுங்கள்.

எல்லாம் ஓரளவு உருப்பெற்றதும், இதற்கு முன் ஆடியிராத ஒருவரை ஒரு மணி நேரம் ஆடவிட்டு, திரையை அணைத்துவிட்டு, கோட்டையைத் தாளில் வரையச் சொல்லுங்கள். திறக்க முடியாமல் விட்டுவந்த இடங்களில் எவற்றை அவர் தாமாகக் குறிக்கிறார் என்று பாருங்கள். குறிக்காமல் விட்டவற்றை வழியில் கண்ணில் படும்படி இடம் மாற்றிவிட்டு, வேறொருவரை அழைத்து மீண்டும் சோதியுங்கள்.