"இப்பெல்லாம் யாரிடம்தான் போன் இல்லை?" என்று கேட்பவருக்கு: இணையப் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தை நீங்களே சரிபார்ப்பது எப்படி

பள்ளியில் திட்டப்பணி செய்யும் பிள்ளைகள், சமூக மன்றத்தில் பேசத் தயாராகிறவர்கள், தொண்டூழியக் குழுவில் உட்கார்ந்து "இனிமேல் பதிவெல்லாம் கியூஆர் குறியீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்" என்று முடிவெடுக்கிறவர்கள், எல்லாரும் சட்டென்று சொல்லிவிடுகிற வாக்கியம் இது. உலகம் முழுக்க இணையம் பரவிவிட்டது என்று சொல்ல எண்ணிக்கைகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த எண்ணிக்கைகள் பொய் இல்லை. ஆனால் அவை எதை எண்ணுகின்றன என்று பார்க்காமல் எடுத்துப் போட்டால், போன் இல்லாதவரையும் இருப்பவராகவே காட்டிவிடும். அதைத் தவிர்க்க என்ன பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் எண்ணிக்கையை எடுக்கும் இடம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்ப வேண்டாம். ஐநாவின் கீழ் இயங்கும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம், அதாவது ஐடியூ, ஒவ்வோர் ஆண்டும் கடைசியில் ஓர் அறிக்கை வெளியிடுகிறது, அதன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். உலக வங்கியின் தரவுத் தளத்திலும் நாடு வாரியாகப் பார்க்கலாம். கைப்பேசி நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏவும் ஆண்டறிக்கை போடுகிறது. சிங்கப்பூருக்கு என்றால் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் புள்ளிவிவரத் துறையும். இவை போதும்.

இனி, கையில் கிடைத்த எண்ணை என்ன கேட்க வேண்டும் என்று பார்ப்போம்.

எண்ணியது ஆளையா, சிம் கார்டையா?

இதுதான் முதல் கேள்வி, இதிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2024-ல் உலகத்தில் 100 பேருக்கு 112 கைப்பேசி இணைப்புகள் இருந்தன என்கிறது ஐடியூ. சிங்கப்பூரில் 100 பேருக்கு 150-க்கும் மேல். அப்படியென்றால் எல்லாரிடமும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. இணைப்பு என்பது சிம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இங்கே கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் சிங்கப்பூர் சிம் ஒன்று இருக்கும், ஊர் வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்காக உயிரோடு வைத்திருக்கும் இந்திய சிம் இன்னொன்று இருக்கும். ஊரில் அவர் மனைவியிடம் ஒன்று. அவருடைய அம்மாவிடம் எதுவும் இல்லை. மூன்று பேர், மூன்று சிம், ஆக நூறு விழுக்காடு! அந்த அம்மா கணக்கில் காணாமல் போய்விட்டார்.

அதனால் "இணைப்பு", "சந்தா" என்று எழுதியிருந்தால் அதை ஆள் கணக்காகச் சொல்லாதீர்கள். ஆள் கணக்கு வேண்டுமென்றால் "கைப்பேசி வைத்திருப்போர் விழுக்காடு" என்று தனியாக ஓர் எண் இருக்கிறது, அதைத் தேடுங்கள். அதே ஐடியூ அறிக்கையில் அது 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 80 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவரிடம் சொந்தமாகக் கைப்பேசி இல்லை. 112-க்கும் 80-க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

"பயன்படுத்துகிறார்" என்றால் எவ்வளவு?

இணையப் பயனாளர் என்று ஐடியூ யாரைச் சொல்கிறது தெரியுமா? கடந்த மூன்று மாதத்தில் எங்கிருந்தாவது, எந்தக் கருவியிலாவது, ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர். தெம்பனிசில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு போட்டு நாள் முழுக்க வேலை பார்ப்பவரும், பேரனின் கைப்பேசியில் ஒரே ஒருமுறை வீடியோ அழைப்பில் முகம் காட்டிய பாட்டியும் இந்த எண்ணில் ஒன்றுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒப்பிட ஏதோ ஒரு கோடு போட்டாக வேண்டும். ஆனால் நீங்கள் எடுத்துச் சொல்லும்போது அந்தக் கோடு எங்கே என்று கேட்பவருக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு கோடு போடும். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2019 முதல் 2021 வரை நடந்தது, "எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறீர்களா" என்று கேட்டது. பெண்களில் 33 விழுக்காட்டினர், ஆண்களில் 57 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஜியோ 2016 செப்டம்பரில் வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கி மூன்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகு வந்த பதில் இது. அதே ஆய்வில், தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடு. இந்த எண்களை ஐடியூ எண்களோடு ஒரே படத்தில் போட்டு ஒப்பிடக் கூடாது, கேள்வியே வேறு. ஆனால் ஒரே ஆய்வுக்குள் ஆணையும் பெண்ணையும் ஒப்பிடலாம், ஒப்பிடத்தான் வேண்டும்.

கோபுரம் இல்லையா, கோபுரம் இருந்தும் பயன் இல்லையா?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இணையம் இல்லாதவர் என்றாலே காட்டுக்குள், மலைமேல், சிக்னல் எட்டாத ஊரில் இருப்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஜிஎஸ்எம்ஏவின் 2024 அறிக்கை வேறு கதை சொல்கிறது. கைப்பேசி இணைய அலைவரிசையே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் சுமார் 350 மில்லியன் பேர், உலக மக்கள்தொகையில் 4 விழுக்காடு. அலைவரிசை தலைக்கு மேலேயே இருந்தும் கைப்பேசியில் இணையம் பயன்படுத்தாதவர்கள் சுமார் 3.1 பில்லியன் பேர், 39 விழுக்காடு. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு!

ஆக, கோபுரம் நடுவது மட்டும் பதில் இல்லை. கருவி வாங்கக் காசு இல்லை, எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம், தன் மொழியில் எதுவும் இல்லை, வீட்டில் பெண்ணுக்குத் தனியாகப் போன் எதற்கு என்கிறார்கள், மோசடியில் பணம் போய்விடுமோ என்று பயம். காரணங்கள் இப்படி இருக்கும்போது "அங்கே நெட்வொர்க் வந்துவிட்டது" என்ற செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிட முடியாது. கருவியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சிங்கப்பூரில் 2017-ல் 2ஜியும், 2024-ல் 3ஜியும் நிறுத்தப்பட்டன, கைக்குப் பழகிய பழைய பட்டன் போனை வைத்திருந்த தாத்தாவுக்கு நேற்றுவரை வேலை செய்த போன் பேசவே உதவாமல் போனது. அவர் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் இணைப்பு அறுந்தது.

இணையத்தைக் கொண்டுபோகும் கடலடிக் கம்பியும் பக்கத்தில் ஓடுவதாலேயே எல்லாரையும் எட்டிவிடுவதில்லை. சென்னைக்கும் சிங்கப்பூரின் துவாசுக்கும் நடுவே 2002-லேயே கடலடிக் கம்பி ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலடிக் கம்பி போய்ச் சேர்ந்தது 2020 ஆகஸ்டில். அதுவரை அந்தத் தீவுக்காரர்களுக்குச் செயற்கைக்கோள் இணைப்புதான், மெதுவானது, விலையும் அதிகம்.

சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

ஐடியூவின் 2024 அறிக்கையில், இணையம் பயன்படுத்துவோரின் உலகச் சராசரி 68 விழுக்காடு. பிரித்தால், பணக்கார நாடுகளில் 93, ஏழை நாடுகளில் 27. நகரத்தில் 83, கிராமத்தில் 48. ஆண்களில் 70, பெண்களில் 65. இந்தக் கடைசி இடைவெளி ஐந்து புள்ளிதானே என்று தோன்றும், ஆள் கணக்கில் அது 189 மில்லியன். சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையைப் போல முப்பது மடங்குக்கும் மேல். விழுக்காட்டைச் சொல்லும்போது பக்கத்தில் ஆள் எண்ணிக்கையையும் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் எண்ணையும் பிரியுங்கள். இங்கே வீடுகளில் இணையம் பற்றிய ஆய்வுகள் குடியிருப்பாளர் குடும்பங்களைத்தான் கேட்கின்றன, அதாவது குடிமக்களும் நிரந்தரவாசிகளும். 2024-ல் மொத்த மக்கள்தொகை 6.04 மில்லியன், அதில் 1.86 மில்லியன் பேர் அந்த வரையறைக்குள் வராதவர்கள். துவாசிலும் சுங்கை காடுட்டிலும் விடுதியில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகள், வீட்டு வேலைக்கு வந்திருக்கும் அக்காமார்கள், இவர்களுடைய சிம் சந்தாக் கணக்கில் ஏறும், ஆனால் வீட்டுக் கணக்கில் இவர்கள் இருக்க மாட்டார்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கையில் போனோடு நிற்பவர்களைப் பார்த்து "இவர்களுக்கு என்ன குறை" என்று நினைப்பவர்கள், விடுதி அறையில் வைஃபை எட்டுகிறதா, மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

விலையை நீங்களே கணக்குப் போடுங்கள்

ஐநாவின் அகல அலைவரிசை (பிராட்பேண்ட்) ஆணையம், குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் 2025-க்குள் எட்ட வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தது. அடிப்படை இணையச் சேவையின் மாத விலை, தனிநபர் மாத வருமானச் சராசரியில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இதை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம், ஆனால் நாட்டுச் சராசரியை விட்டுவிட்டு, உண்மையான வீட்டின் வருமானத்தை வைத்துப் போடுங்கள். இங்கே மாதம் 800 வெள்ளி வாங்கும் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் 2 விழுக்காடு 16 வெள்ளி. அதற்குள் ஒரு திட்டம் கிடைத்துவிடும். சரி, ஊரில் மாதம் 10,000 ரூபாயில் ஓடும் ஒரு வீட்டை எடுங்கள். 2 விழுக்காடு 200 ரூபாய். ஒரு போனுக்கு ரீசார்ஜ் 250 ரூபாய் என்று வைத்தால் ஒரே போனிலேயே கோடு தாண்டிவிடுகிறது, மூன்று போன் என்றால் 750. அதுவும் மாதத்துக்கு இல்லை, பல திட்டங்கள் 28 நாளுக்குத்தான், ஆக ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை இல்லை, பதின்மூன்று தடவை கட்ட வேண்டும். உலகத்திலேயே மலிவான டேட்டா உள்ள நாடுகளில் ஒன்று இந்தியா, அங்கேயே ஏழை வீட்டுக்கு இந்த நிலை.

ஆண்டை ஆண்டோடு ஒப்பிடும்போது

வளர்ச்சி பெரிதுதான், அதை மறைக்க வேண்டாம். 2005-ல் சுமார் ஒரு பில்லியன் பேரிடம் இருந்த இணையம் 2025-ல் சுமார் 6 பில்லியன் பேரிடம். ஆனால் ஐடியூவின் 2024 அறிக்கையில் இணையம் இல்லாதவர் 2.6 பில்லியன் என்று இருக்கும், 2025 அறிக்கையில் 2.2 பில்லியன் என்று இருக்கும். ஒரே ஆண்டில் 400 மில்லியன் பேர் சேர்ந்துவிட்டார்களா? இல்லை. புதிய தரவு வந்ததும் பழைய ஆண்டின் மதிப்பீட்டையே திருத்தி 2.3 பில்லியன் ஆக்கிவிட்டார்கள். பழைய அறிக்கையின் எண்ணையும் புதிய அறிக்கையின் எண்ணையும் பக்கத்தில் வைக்காதீர்கள், புதிய அறிக்கைக்குள்ளேயே இருக்கும் பழைய ஆண்டின் எண்ணை எடுங்கள். மேலே நான் கொடுத்த 68, 93, 27 எல்லாம் 2024-ல் வெளியான அறிக்கையின் எண்கள். நீங்கள் பயன்படுத்தும்போதும் இப்படி அறிக்கையின் ஆண்டைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அப்புறம் குழப்பமே வராது.

இதை இங்கே எப்படிப் பயன்படுத்துவது

உங்கள் குழு ஒரு நிகழ்ச்சிக்குப் பதிவு வைக்கிறது என்றால், இதே கேள்விகளை அங்கேயும் கேட்கலாம். வருபவரிடம் சொந்தப் போன் இருக்கிறதா, மகனுடையதா? டேட்டா இருக்கிறதா, வைஃபை கிடைக்கும் இடத்தில் மட்டுமா? படிவம் தமிழில் இருக்கிறதா? யாரையும் கேட்காமல் அவரே நிரப்ப முடியுமா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் அவரிடம் விலை உயர்ந்த திறன்பேசி இருந்தும் பயனில்லை.

மூத்தோர் என்றால் பல சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் எஸ்ஜி மின்னிலக்க அலுவலகம் என்ற அரசு அமைப்பின் தூதர்கள் உட்கார்ந்து கைப்பேசியைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. தமிழ் பேசுபவர் எந்த நேரத்தில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், ஆனால் போனை அவர் கையிலேயே விடுங்கள். நாம் வாங்கிச் செய்துகொடுத்தால் வேலை முடியும், அவருக்கு ஒன்றும் வராது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டத்தில் கருவிக்கும் வீட்டு இணையத்துக்கும் மானியம் உண்டு, தகுதி விவரத்தைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தளத்தில் பார்த்து, தேவைப்பட்டால் விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். வெளியில் இருக்கும்போது வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் இலவச வைஃபை கைகொடுக்கும், அதை ஒருமுறை போனில் அமைத்துக் கொடுத்தாலே பலருக்கு டேட்டா மிச்சமாகும்.

விடுதித் தம்பிகள் வர வேண்டிய நிகழ்ச்சி என்றால் கியூஆரோடு ஒரு தொலைபேசி எண்ணும் போடுங்கள். அந்த எண்ணை இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் எடுக்க ஆள் வையுங்கள், அவர்களுக்கு ஓய்வு அப்போதுதான். வாசலில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு எத்தனை பேர் கியூஆரில் வந்தார்கள், எத்தனை பேர் போனில், எத்தனை பேர் தாளில் என்று பிரித்து எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் "யாரிடம்தான் போன் இல்லை" என்று யாராவது கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.