நீதி கேட்கும் சைக்கிள் பேரணி: முதன்முறை நடத்துபவர்களுக்கு

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றார். அந்தக் கோடையில் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் திரண்டு, பாலங்களைக் கடந்து நீதி கேட்டார்கள். அமெரிக்காவில் வசிக்கும் நீங்கள் உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பேரணி நடத்த விரும்பினால், இதோ செய்முறை.

முதலில் பாதை. எட்டு முதல் பத்து மைல் போதும். முந்தைய வாரமே, பேரணி நடக்கும் அதே நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தண்டவாளம், பள்ளம், செங்குத்தான ஏற்றம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து சட்டம். நியூயார்க்கில் 50 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஓட்டினால் ஊர்வல அனுமதி வேண்டும். உங்கள் ஊர் விதியை விசாரியுங்கள். அனுமதி வாங்கப்போவதில்லை என்றால், அதை வருகிறவர்களிடம் மறைக்காதீர்கள். வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணை எல்லோரும் முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளட்டும். கைதானால் செல்பேசி கையில் இருக்காது.

இனி சாலைச் சந்திப்புகள். கூட்டம் பச்சை விளக்கில் நுழையும், ஆனால் பாதிப் பேர் கடப்பதற்குள் சிவப்பு விழுந்துவிடும். அதனால் இருவர் முன்கூட்டியே போய், குறுக்குத் தெருவில் கார்கள் நின்ற பிறகு, அவற்றின் முன்னே சைக்கிளைக் குறுக்காக நிறுத்த வேண்டும். பாட்டில் வாயைத் தக்கை அடைப்பதுபோல என்பதால் இதைக் ‘கார்க்கிங்’ என்பார்கள். இந்த வேலையை நான் செய்திருக்கிறேன். கூட்டத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டுநரின் முகத்தைப் பாருங்கள். அவர் ஹாரன் அடிப்பார். பதிலுக்குக் கத்தாமல், எதற்காகப் போகிறோம், இன்னும் எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கை ஹாரனிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் காரை நகர்த்தினால் உடனே விலகிவிடுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஊர்வலத்தை நடுவே பிரித்து வழிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கடைசி ஆள். வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். புளோரிடாவின் டாம்பா நகரில் சைக்கிள் ஓட்டியதற்காகப் போலீஸ் அபராதச் சீட்டு கொடுத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர் என்பதை 2015இல் ஒரு நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. நகர மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். செயின் கழன்றோ மூச்சு வாங்கியோ பின்தங்கிய கறுப்பினத் தோழரைத் தெருவில் தனியே விட்டுவிட்டு, முன்னே அவருக்காக முழக்கமிடுவதில் என்ன பொருள் இருக்கிறது? ஆகவே வாலில் அனுபவசாலிகள் மூவர் இருக்கட்டும். அவர்களிடம் பம்ப், மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், தண்ணீர் வேண்டும். பஞ்சர் ஆனால் முன்னணிக்குச் சொல்லி அனுப்புங்கள், அனைவரும் நிற்கட்டும்.

அந்த நிறுத்தங்களில் பேசுங்கள். சைக்கிள் பந்தய வீரர் மேஜர் டெய்லரைப் பற்றிச் சொல்லலாம். அமெரிக்காவின் பெரிய சைக்கிள் சங்கம் 1894இல் வெள்ளையர்களுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று விதி எழுதியது. ஐந்தே ஆண்டுகளில், 1899இல், கறுப்பினத்தவரான டெய்லர் மாண்ட்ரியலில் உலக சாம்பியன் ஆனார். அந்த விதியைச் சங்கம் முறைப்படி நீக்கியது 1999இல்! மைக்கை முதலில் கறுப்பினத்தவரிடம் கொடுங்கள்.

முடிவிடத்தில் வால் வந்து சேரும்வரை யாரும் கலையக் கூடாது. பிறகு ஒரே திசையில் போகிறவர்களைச் சேர்த்து, நான்கைந்து பேராக வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.