பபிள் நேரத்தில் சின்ன சிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயன் வீட்டு வாசலில் பந்தயக் காசே இல்லாமல் ஆடுகிற போக்கர் டோர்னமென்டாக இருந்தாலும், நாலு பேர் மிஞ்சி மூவருக்குத்தான் பரிசு என்று ஆகிவிட்டால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். இந்தக் கட்டத்தைத்தான் பபிள் என்கிறார்கள். சிப் (ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை) குறைந்தவர் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

பரவலான தவறு, காத்திருந்தே கரைந்து போவது. கார்டு பார்க்குமுன் இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் பிளைண்ட், சின்னது 500, பெரியது 1,000; பெரிய பிளைண்டில் இருப்பவர் எல்லாருக்குமாகக் கூடுதலாகப் போடும் ஆன்டி 1,000; உங்களிடம் 8,000 என்று வையுங்கள். முதல் ஆளாக ஆல்-இன் போட்டு (இருப்பதையெல்லாம் உள்ளே தள்ளி) மற்றவர்கள் ஃபோல்ட் செய்தால் (கார்டை மடக்கி விலகினால்), நடுவில் கிடக்கும் 2,500 சும்மா வரும். கையிருப்பு 31 சதவீதம் ஏறும். "பொறுலா, இன்னொரு ரவுண்டு பாப்போம்" என்று உட்கார்ந்தால் அதே 2,500 உங்களிடமிருந்து போகும். நாலு பேர் மேசையில் ஒரு சுற்று என்பது நாலே கை, அதாவது நாலு முறை கார்டு பகிர்வது. இரண்டு சுற்றில் 3,000தான் மிஞ்சும். அதற்கப்புறம் ஏஸ் வந்து என்ன? உங்கள் ஆல்-இன்னுக்குப் பெரிய பிளைண்டில் இருப்பவர் இன்னும் 2,000 போட்டாலே போதும். அவருக்கு 27 சதவீத வாய்ப்பு இருந்தால் கணக்கு சரி, அது ஏறக்குறைய எந்த இரண்டு கார்டுக்கும் இருக்கும். 8,000 இருக்கும்போதே தள்ளியிருந்தால் அவர் 7,000 போட வேண்டும், 40 சதவீதம் வேண்டும். யோசிப்பார்.

அந்த 8,000ஐ வைத்துக்கொண்டு 2,000க்கு ஏற்றிவிட்டு, யாராவது திருப்பி ஏற்றினால் ஃபோல்ட் செய்வதும் வீண். கால்வாசி போச்சு. பத்து பெரிய பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால், பெரும்பாலும் ஆல்-இன் இல்லையென்றால் ஃபோல்ட், அவ்வளவுதான்.

ஆனால் தைரியமாகத் தள்ளுவதும், அடுத்தவர் தள்ளியதற்குக் கால் போடுவதும் (அதே அளவு போட்டு மோதுவதும்) ஒன்றல்ல. எனக்கு எரிச்சல் தருவது இந்தக் குழப்பம்தான். யாரும் உள்ளே வராதபோது கிங்-குயினை மடக்கி வைக்கிற அதே தம்பி, எதிராளி ஆல்-இன் போட்டதும் ஏஸ்-7ஐத் தூக்கிக்கொண்டு பாய்வான். கேட்டால், "ஏஸ் இருக்கே அண்ணே, எப்படி விடறது?" தள்ளுகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எதிராளி பயந்து ஃபோல்ட் செய்யலாம், அல்லது கார்டு ஜெயிக்கலாம். கால் போடுகிறவருக்குக் கார்டு மட்டும்தான். எதிரே ஏஸ்-கிங் இருந்தால் ஏஸ்-7க்குக் கிடைப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

இதில் பரிசுக் கணக்கும் சேரும். மூன்று பரிசும் 500, 300, 200 வெள்ளிக்கு வவுச்சர் என்று வையுங்கள். நாலு பேரிடமும் சம சிப். ஒவ்வொருவர் சிப்பின் மதிப்பும் 250 வெள்ளி. ஒருவரை வெளியேற்றி உங்கள் சிப்பை இரட்டிப்பாக்கினால் 500 ஆகாது; சுமார் 383தான். தோற்றால் பூஜ்யம். ஆகவே பிளைண்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், கால் போட 65 சதவீத வாய்ப்பு வேண்டும், பாதிக்குப் பாதி போதாது. 1973இல் டேவிட் ஹார்வில் குதிரைப் பந்தயத்துக்கு எழுதிய சூத்திரத்திலிருந்து வந்த கணக்கு இது. 1980களில் மேசன் மல்முத் இதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

யாரை எதிர்த்துத் தள்ளுகிறோம் என்று பார்க்காததும் தவறே. நடுத்தரச் சிப் வைத்திருப்பவர்தான் அதிகம் பயப்படுவார். குவித்து வைத்திருப்பவருக்கு உங்கள் 8,000 பெரிய விஷயமில்லை, சும்மாகூட கால் போட்டுவிடுவார்.

அதேபோல மற்றவர்களின் சிப்பையும் எண்ணுங்கள். ஒருவரிடம் 1,500தான் இருக்கிறது, அடுத்த கை அவருக்குப் பெரிய பிளைண்ட் என்றால், மேலே சொன்னதையெல்லாம் கொஞ்சம் ஒத்திப்போட்டு சுமாரான கையை மடக்குங்கள். அவர் முதலில் போகட்டும்.

பெரிய கேசினோ டோர்னமென்டுகளில் மற்ற மேசையில் யாராவது முதலில் போகட்டும் என்று வேண்டுமென்றே இழுத்தடிப்பது அதிகம் பலிக்காது. பபிள் வந்ததும் எல்லா மேசையும் ஒவ்வொரு கையாகச் சேர்ந்தே ஆட வேண்டும். அப்போது ஒரே மேசையில் ஒரே கையில் இருவர் வெளியேறினால், அந்தக் கையை அதிகச் சிப்போடு தொடங்கியவருக்கே மேலிடம். அதனால் பக்கத்து ஆளைவிட 500 கூடுதலாக இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு.