பழைய மினி டிராக்டரில் ஸ்டீயரிங் ஆட்டம்: பெட்டி ஸ்குருவைக் கடைசியில் தொடுங்கள்

நேந்திரன் வாழையை 6 அடி இடைவெளியில் நட்டால், நடுவில் மினி டிராக்டர் போக இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் இடம் மிஞ்சும். ஸ்டீயரிங் நாலு விரல் அளவு சும்மா சுற்றுகிற வண்டி அதற்குள் போனால் வாழை மூட்டில் டயர் ஏறிவிடும். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவில் அதே ஆட்டம் வண்டியையே கவிழ்த்துவிடும். தள்ளிப்போடுகிற வேலை அல்ல இது.

எங்கள் விளையில் (தோட்டத்தில்) ஓடும் வண்டியை நானே பிரித்துச் சரிசெய்த முறை இங்கே. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் பொருந்தும். ஸ்பேனர் பிடிக்கவும் கிரீஸ் அடிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கே ஆட்டம் என்று முதலில் பாருங்கள்

ஸ்டீயரிங் ஆடினால் பலரும் நேராக ஸ்டீயரிங் பெட்டியின் (ஸ்டீயரிங் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்பெட்டி) மேலே இருக்கும் ஸ்குருவைத்தான் முறுக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய வண்டியில் ஆட்டம் ஒரே இடத்தில் இருக்காது. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் நாலு விரல் ஆகிறது.

எஞ்சினை அணைத்துவிட்டு, முன்சக்கரங்கள் தரையில் நேராக நிற்கட்டும். ஜாக்கி வேண்டாம். தூக்கிவிட்டால் சக்கரம் லேசாகத் திரும்பி ஆட்டத்தை மறைத்துவிடும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட வேண்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலைக் குறுக்கே வையுங்கள்: பாதி விரல் ஒரு பாகத்தில், மீதி அடுத்த பாகத்தில். ஒன்று நகர்ந்த பிறகு மற்றது தாமதமாக நகர்ந்தால் விரலுக்கு உடனே தெரியும், கண்ணுக்குத் தெரியாததுகூட. பெட்டியைச் சேஸியில் பிடிக்கும் போல்ட்டுகள், டிராப் ஆர்ம் (பெட்டியிலிருந்து தொங்கும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), டை ராட் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகளில் இருக்கும் பால் ஜாயிண்டுகள், கடைசியில் கிங் பின் (முன்சக்கரம் திரும்புகிற நிமிர்ந்த அச்சாணி) என்று வரிசையாகப் பாருங்கள்.

பெட்டி போல்ட்டும் டிராப் ஆர்ம் நட்டும் தளர்ந்திருந்தால் அவற்றை முறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். சில வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பால் ஜாயிண்ட்

தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், சரிசெய்ய வழி கிடையாது. கழற்றும் முன் டை ராட் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். ஒரு முனையில் இடது மரை, மறுமுனையில் வலது மரை என்பதையும் மறக்க வேண்டாம்.

முள்கரண்டி மாதிரி இருக்கும் கருவியை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை, ரப்பர் உறையைக் கிழித்துவிடுகிறது. ஜாயிண்ட் உட்காரும் ஆர்மின் கண்ணுக்கு (துளை இருக்கும் முனை) ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டைகொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் சட்டென்று ஓர் அடி. டேப்பர் (கூம்பிய தண்டு) பிடி விட்டுவிடும். மரையின் தலையில் அடித்தால் நட்டு திரும்ப ஏறாது.

மாட்டும்போது கேஸ்டல் நட்டின் (தலையில் பள்ளம் வெட்டிய நட்டு) பள்ளம், ஸ்பிளிட் பின் போகும் துளைக்கு நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், பின்னால் தளர்த்தாதீர்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது.

கிங் பின்: பொறுமை வேண்டிய இடம்

பால் ஜாயிண்ட் எல்லாம் புதிதாக மாட்டியும் எங்கள் வண்டியில் ஆட்டம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காரணம் இங்கேதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கின்றன. செம்மண் சேறு கிங் பின் புஷ்ஷுக்குள் (பின்னைச் சுற்றியிருக்கும் உலோக உறை) புகுந்து, கிரீஸ் போகும் துளையை அடைத்துவிடுகிறது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஆக்ஸில் நடுப்பின்னில் ஊஞ்சலாடும் என்பதால், சேஸிக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே இருபுறமும் மரக்கட்டை செருகுவது கட்டாயம். இப்போது டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் கிங் பின்னாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். காரில் பிரேக்கை மிதித்துப் பிரித்தறிவார்கள். இந்த வகை டிராக்டரின் முன்சக்கரத்தில் பிரேக் இல்லை. எனவே டார்ச் அடித்துப் பாருங்கள்: ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மட்டும் அசைந்தால் பேரிங், ஸ்டப் ஆக்ஸிலும் (சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு) சேர்ந்து அசைந்தால் கிங் பின். எங்கள் வண்டியில் பின்னின் அடியில் துருநீர் கோடாக வழிந்திருந்தது. கழற்றியபோது உள்ளே கிரீஸ் காய்ந்து, செங்கல் பொடி நிறத்தில் உதிர்ந்தது.

புது புஷ்ஷை வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். பாகத்தையும் புதுப் பின்னையும் சேர்த்தே லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எளிதாகச் செய்துகொள்ளலாம். அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிள் துளைக்கு நேராக இருக்க வேண்டும். பிரஸ் செய்த பிறகு புஷ் சற்றுச் சுருங்கும் என்பதால், மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நீள ரீமரால் (துளையின் உள்பக்கத்தைச் சீவும் கருவி) ஒரே போக்கில் ரீம் செய்ய வேண்டும். தனித்தனியாகச் செய்தால் நேர்கோடு தவறி, கிங் பின் இறுகிப்போகும்.

இப்போது பெட்டி

முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். டிராக் லிங்க்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்துங்கள். நடுவில் வைத்துத்தான் ஸ்குருவைத் தொட வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குருவை அரைக்கால் சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் கோடிக்குக் கோடி திருப்பிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது. வண்டி நேராகவே அதிகம் ஓடுவதால் பல் நடுவில்தான் தேயும். நடு ஆட்டத்தை முழுவதும் எடுத்தால் ஓரங்களில் இறுகும். கொஞ்சம் ஆட்டத்தை விட்டுவிடுவதே நல்லது. நடுவில் அதிகம் ஆடி ஓரத்தில் பிடித்தால், உள்ளே வார்மும் செக்டரும் (ஒன்றோடொன்று பொருந்தும் பல் பாகங்கள்) தேய்ந்துபோய்விட்டன என்று அர்த்தம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குருவை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூடவே சுற்றிவிடும்.

அப்புறம் டிராக் லிங்க்கை மாட்டி, வண்டியை இறக்கி, டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு) பாருங்கள். ஹப் உயரத்தில் ரிம்முக்கு ரிம் முன்னால் அளந்து, சுண்ணாம்பால் குறியிட்டு, வண்டியை அரைச்சுற்று உருட்டி அதே குறிகளைப் பின்னால் அளக்க வேண்டும். முன்அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த ஒரு நண்பருக்கு ஸ்டீயரிங்கில் ஆட்டம் போய்விட்டது, வண்டி மட்டும் இன்னும் அலைந்தது. அவருக்கு ஆக்ஸில் நடுப்பின் புஷ் தேய்ந்திருந்தது. கடப்பாறையால் ஆக்ஸிலை முன்னும் பின்னும் நெம்பினால் இது தெரியும். இன்னொருவருக்கு நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லை. நிப்பிளைக் கழற்றித் துளையில் கம்பி விட்டு, டீசல் ஊற்றி ஊறவிட்ட பிறகு ஏறியது. கிங் பின்னுக்கு எப்போதும் முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கிரீஸ் அடியுங்கள், பாரம் இருக்கும்போது அடியில் போகாது. சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியே வந்து, புதுக் கிரீஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும். முதல் உழவு முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருதரம் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.